சோலைமலைக்கு நடந்து போகலாம்

மதுரை மாநகரத்துக்கு வடக்கே, சற்றுக் கிழக்காக ஒதுங்கி, சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அழகர்மலை. மழை பெய்து தூசி அடங்கிய காலைப் பொழுதில், நகரத்தின் வடபகுதியிலே எந்த மொட்டைமாடியில் ஏறி நின்று நோக்கினாலும், அடிவானத்தை ஒட்டி நீண்டு கிடக்கும் அதன் நீல விளிம்பைக் கண்ணாரக் காணலாம். மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களில் அந்த மலைக்குப் போகாதவர்கள் அபூர்வம். குழந்தைக்கு முடியிறக்க, நேர்ந்துகொண்ட கிடாயை வெட்ட, கல்யாணம் முடிந்த கையோடு புதுமணத் தம்பதிகளைச் சந்நிதிக்கு அழைத்துச் செல்ல, ஏதாவதொரு காரியத்தை முன்னிட்டு ஒவ்வொரு குடும்பமும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும், போய் வந்தவர்களிடம் மலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அடிவாரத்தில் அழகர் தரிசனம், மேலே பழமுதிர்சோலையில் முருகன் தரிசனம், அதற்கும் மேலே நூபுர கங்கையில் ஸ்நானம், பிறகு தோசைப் பிரசாதம் என்று வரிசையாகச் சொல்வார்களே தவிர, அந்த மூன்று ஸ்தலங்களுக்கும் நடுவே பரந்து கிடக்கும் வனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. வாகனத்தின் ஜன்னலுக்கு வெளியே அது ஓடி மறைந்துவிடுகிறது.

அந்த வனமே அங்கு முதன்மையாகத் தரிசிக்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம். இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லும் விஷயமும் அன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த மலையைப் பாடியவர்கள் யாவரும் இதையே வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற ஐப்பசியில் என் தமக்கையின் மகனோடு அந்த மலையில் நடந்தபோது கண்டவற்றையும், அதற்கு முன்னும் பின்னும் படித்தவற்றையும் சேர்த்து, ஆற அமர இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். படித்துவிட்டு நீங்களும் ஒருமுறை நடந்து போய்வந்தால் எனக்கு மிகுந்த திருப்தி உண்டாகும்.

நகரத்திலிருந்து போகும் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று போகும் அந்தச் சாலையில் ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த இடங்கள் பலவும் இப்போது வீடுகளாகிவிட்டன. ஆனால், வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையிடையே, பழைய கல்மண்டபங்கள் சில இன்னும் நின்றுகொண்டிருப்பதைக் கவனிக்கலாம். அவை மண்டகப்படிகள், சித்திரை மாதத்தில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு எழுந்தருளும்போது, கள்ளர் கோலத்தோடு கைக்கம்பு ஏந்தி வருகிற பெருமாள் ஒவ்வொன்றிலும் சற்றே தங்கி, ஜனங்களின் உபசாரத்தை ஏற்றுச் செல்வதற்காக ஏற்பட்டவை. மலையினின்றும் நகரத்துக்குத் தெய்வம் வருகிற வழியும், நகரத்தினின்றும் மலைக்கு மனிதர்கள் போகிற வழியும் இங்கே ஒன்றேதான்.

கோட்டைச் சுவர்கள் சிதைந்து கிடக்கும் அடிவாரத்தை அடைந்தால், முதலில் நம்மை எதிர்கொள்பவர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அவருக்கு அங்கே உருவம் கிடையாது. சாத்திக் கிடக்கும் பெரிய கதவும், அதன்மேல் அப்பிய சந்தனமும், மாலைகளும், நேர்த்திக்கடனாகச் சாத்தப்பட்ட அரிவாள்களுமே மூர்த்தம். இந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் துணிகிறவர் இல்லை. உள்ளே சென்றால், வட்ட வடிவமான சோமசந்த விமானத்தின் கீழ் மூலவர் பரமசுவாமி, உற்சவர் சுந்தரராஜர். கல்யாண மண்டபத்துத் தூண்களிலே நாயக்கர் காலத்துச் சிற்பிகள் செய்துவைத்திருக்கும் வேலைப்பாடு தனியே எழுதத்தக்க பொருள். இந்தக் கோயிலுக்கும் சுற்றுவட்டாரத்துக் கள்ளர், இடையர் முதலான உழைக்கும் மக்களுக்கும் உள்ள பந்தத்தைப் பேராசிரியர் தொ. பரமசிவன் ஊர் ஊராக அலைந்து ஆராய்ந்து எழுதிய ‘அழகர் கோயில்’ என்ற நூலை, 1989-இல் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோயிலைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் ஆனதாக எண்ணுகிறவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். விளைந்த தானியத்தை ஜனங்கள் கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுவதும், சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து நெய்யில் வார்த்த தடித்த தோசை பிரசாதமாகத் திரும்பி வருவதும் அந்தப் பந்தத்தின் அடையாளங்களே.

கோயிலைக் கடந்து மலைப்பாதை ஆரம்பமாகிறது. வாகனத்தில் போனால் பழமுதிர்சோலை சுமார் 3 கிலோமீட்டர். சில நிமிஷங்களில் போய்விடலாம். நாங்கள் நடந்தோம். தாவரவியல் படிக்கிற என் மருமகனுக்கு ஒவ்வொரு செடியண்டையும் நிற்க வேண்டியிருந்ததால், நடந்தோம் என்பதைக் காட்டிலும் நின்று நின்று சென்றோம் என்பதே பொருந்தும். அதற்கு முந்தைய வாரம் நல்ல மழை. பாறைகளின் இடுக்கெல்லாம் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. காய்ந்து சருகாகக் கிடந்த புல்பூண்டுகள் யாவும் உயிர்பெற்றிருந்தன. நகரத்திலே நாம் மறந்துவிட்ட மண்வாசனையும் இலைவாசனையும் கலந்து, மூச்சை இழுத்து விடுவதே ஒரு போஜனம் என்னும்படி இருந்தது.

ஒரு திருப்பத்தில், கெட்டியான, பளபளப்பான, எதிரெதிர் இலைகளைக் கொண்ட குறுமரம் ஒன்றைத் தொட்டுக்காட்டி, “மாமா, இதுதான் காயா. நம்ம பக்கம் காசான்னு சொல்றாங்கள்ல, அது,” என்றான்.

“பூவைக் காணோமே, மாப்பிள்ளை?”

“இப்போ சீசன் இல்ல மாமா. பூத்துச்சுன்னா கிளையோட ஒட்டிக்கிட்டு, நீலமா, கொத்துக் கொத்தா இருக்கும். தூரத்துல பார்த்தா மரத்துக்கு நீலச்சாயம் பூசுன மாதிரி தெரியும்.”

அவன் அதைச் சொன்ன மாத்திரத்தில் எனக்கு ஆண்டாள் நினைவு வந்தது. நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை என்னும் இந்த மலையைப் பற்றிய பதிகம் ஒன்று இருக்கிறது. அதைக் காதலின் தாபத்தைச் சொல்லும் பாட்டாகவே எல்லோரும் அறிவார்கள். நானும் அவ்வாறே அறிந்திருந்தேன். ஆனால் அந்த மலைச்சரிவில் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தபோது, அது ஒரு வனத்தை அணுவணுவாகக் கண்டவள் எழுதியதாகவும் தோன்றியது. கார்காலத்தில் மலையெங்கும் சிந்தூரப் பொடியைத் தூவியதுபோல இந்திரகோபப் பூச்சிகள் எழுந்து பரவிவிட்டன என்று அவள் ஆரம்பிக்கிறாள். முதல் மழை விழுந்ததும் செம்மண்ணிலிருந்து வெளிவந்து ஊர்கிற, பட்டுப்போன்ற மேனியுடைய அந்தச் செந்நிறப் பூச்சியைக் கிராமத்துப் பிள்ளைகள் தீப்பெட்டியில் பிடித்துவைத்து விளையாடுவார்கள். பிறகு, குயிலையும் மயிலையும் கருவிளைப் பூவையும் களங்கனியையும் காயாம்பூவையும் ஒன்றாக விளித்து, ஐந்து பேரும் மகாபாதகர்கள் என்று வைகிறாள். அழகனுடைய மேனி நிறத்தைத் தாங்கிக்கொண்டு வந்து தன்னை வாட்டுகிறார்களே என்பது அவள் புகார்.

அந்த ஐந்தையும் நாங்கள் தேடிக்கொண்டே நடந்தோம். கருவிளையாகிய நீலச் சங்குப்பூ, பாதையோர முட்புதர் ஒன்றின்மேல் படர்ந்து, ஆழ்ந்த நீலத்தில் பூத்திருந்தது. களாச்செடி இருந்தது, முள்ளும் பாலும் நிறைந்த அந்தச் செடியில், பழக்காலம் கழிந்துவிட்டதால், பறவைகள் தின்னாமல் விட்ட ஓரிரு கருங்கனிகள் சுருங்கித் தொங்கின. மயிலின் குரல் பள்ளத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. குயில் மாத்திரம் அன்று வாய் திறக்கவில்லை. காயாவும் களாவும், உலர்ந்த மலைகளில் குறைந்த மழையைக் கொண்டே பசுமை மாறாமல் நிற்கும் குறுங்காட்டுக்குரிய மரஞ்செடிகள் என்றும், தென்னாட்டின் கிழக்குப் பகுதியில் அந்த ஜாதிக் காடுகள் வேகமாக அழிந்துவருகின்றன என்றும் மருமகன் விளக்கினான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணொருத்தி பெயர் சொல்லி அழைத்த செடிகள், அழைத்த அதே மலையில் இன்னமும் நின்றுகொண்டிருக்கின்றன என்பதை எண்ண எண்ண, என் மனத்தில் உண்டான ஆனந்தத்துக்கு அளவே இல்லை. நூறு தடாவில் வெண்ணெயும் நூறு தடாவில் அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக அவள் நேர்ந்துகொண்டதையும், பிற்காலத்தில் ராமாநுஜர் அதை நிறைவேற்றினார் என்பதையும் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவள் கண்ட காயாமரத்தைக் காட்டிக்கொடுக்கும் பிரசங்கி ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. என் மருமகன்தான் அந்த உபகாரத்தைச் செய்தான்.

பாதி வழியில், நூபுர கங்கைத் தீர்த்தத்தை ஒரு பிளாஸ்டிக் கேனில் நிரப்பித் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கிவந்த மூதாட்டி ஒருவர், எங்களைக் கண்டு நின்றார். மேலூர்ப் பக்கத்துக் கிராமமாம். வண்டியில் வரக்கூடாதா அம்மா என்று கேட்டதற்கு, “எங்காத்தா நடத்தித்தான்யா கூட்டியாந்துச்சு. நான் எம்மகளை நடத்திக் கூட்டியாந்தேன். காலு இருக்குற மட்டும் நடக்கவேண்டியதுதானே. ராக்காயி அம்மனுக்குத் தெரியாதா, யாரு நடந்து வந்தாங்க, யாரு உக்காந்து வந்தாங்கன்னு?” என்று சொல்லிவிட்டு, கேனை ஒரு கையால் பற்றிக்கொண்டு, எங்களைவிட விரைவாகப் படியிறங்கிப் போய்விட்டார். நம்மாழ்வார் இதே மலையைப் பாடிய திருவாய்மொழிப் பாசுரங்களில், ஒளி பொருந்திய இளமை கெடுவதற்கு முன்னே மாலிருஞ்சோலையைச் சென்று சேருங்கள் என்று உபதேசிக்கிறார். மலையேறுகிறவனுக்கு அந்த உபதேசத்தின் நியாயம் முழங்காலிலேயே விளங்கிவிடும். அத்தோடு அவர் நிற்கவில்லை; அம்மலையை அடைய முடியாவிட்டால் அதன் பக்கத்தில் இருக்கிற மலையை அடைந்தாலும் போதும் என்கிறார். ஆண்டவன் நின்ற இடத்தின் மகிமை அவன் நின்ற மலைக்கும், அந்த மலையின் மகிமை அதன் அயலில் உள்ள மலைக்கும் பரவுகிறது என்று கொண்ட அந்த உள்ளத்தின் விசாலத்தை என்னவென்று சொல்வது!

பழமுதிர்சோலையில் இப்போது நாம் காணும் கோயில் கட்டடம் அண்மைக் காலத்தது. அதற்கு முன் இங்கே வேல் ஒன்றையே வழிபட்டு வந்தார்கள் என்பர். திருமுருகாற்றுப்படையின் முடிவில் வருகிற பழமுதிர்சோலை இந்த மலைதானா என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, தமிழிலேயே மிக உயர்ந்த அந்தப் பக்திப் பாட்டு, முருகனைச் சொல்லி முடியாமல் ஓர் அருவியைச் சொல்லி முடிகிறது என்பதே. தேனடைகளைச் சிதைத்து, பலாச் சுளைகளை உதிர்த்து, பெண்யானையின் உடம்பு குளிர, குரங்குகள் நடுங்க, மயில்கள் வெருவி ஓட, கரடி குகைக்குள் ஒடுங்க, மலையுச்சியிலிருந்து இழுமென்று இறங்கும் நீரின் ஓசையோடு நக்கீரர் பாட்டை நிறுத்திவிடுகிறார். அவர் பாடிய யானையையும் கரடியையும் இன்று இந்தப் பாதையில் எதிர்பார்க்கக்கூடாது. குரங்குகள் மட்டும் தாராளமாக உண்டு; தின்பண்டப் பைக்காகவும் மாலைக்காகவும் காத்து நிற்கின்றன. அவற்றுக்குப் பொரியும் பிஸ்கட்டும் வீசுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்களைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன்: வேண்டாம். காட்டில் தேடித் தின்ன வேண்டிய பிராணிகளைச் சாலையோரத்துப் பிச்சைக்காரர்களாக்கி, பையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் அவற்றின் வயிற்றில் சேர்ப்பது பாவம்.

மேலே, ராக்காயி அம்மன் காவல் காக்கும் நூபுர கங்கை. உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடியைப் பிரமன் நீராட்டியபோது, காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீரே இங்கே சிலம்பாறாக ஓடுகிறது என்பது ஸ்தல ஐதீகம். மாதவி மண்டபத்தில் விழும் அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுத்து நின்றபோது, ஏறி வந்த களைப்பு முழுவதும் ஒரு கணத்தில் இறங்கிவிட்டது. அழகருடைய உற்சவ மூர்த்திக்கு இந்தத் தீர்த்தத்தைத் தவிர வேறு நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை. செய்தால் திருமேனி கறுத்துப்போகும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஐப்பசி வளர்பிறைத் துவாதசியில் நடக்கும் தைலக்காப்பு உற்சவத்துக்குப் பெருமாளே பல்லக்கில் ஏறி, அனுமார் தீர்த்தம், கருட தீர்த்தம் ஆகியவற்றின் வழியாக இந்த மலைப்பாதையில் எழுந்தருளி, எண்ணெய்க் காப்புக்குப் பின் சிலம்பாற்றில் நீராடித் திரும்புகிறார். தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து ஊற்றிக்கொள்வது போதாதென்று, தண்ணீர் பிறக்கும் இடத்துக்கு ஆண்டுக்கொருமுறையேனும் தாமே போயாக வேண்டும் என்று தெய்வத்துக்கே ஒரு நியமத்தை ஏற்படுத்திவைத்த முன்னோர்களின் புத்தியை நான் வியக்கிறேன்.

மலையுச்சியில் ஏரியோ குளமோ இல்லாதபோது, மழைக்காலம் கழிந்த பின்னும் இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வனம் கொடுக்கிறது. மழைத்துளி நேரே பாறையில் விழுந்து ஓடிவிடாமல், முதலில் இலையில் தங்கி, பிறகு உதிர்ந்த சருகின் மெத்தையில் இறங்கி, வேர்கள் துளைத்துவைத்த மண்ணில் ஊறி, பாறைப் பிளவுகளில் புகுந்து, மெள்ள மெள்ளக் கசிந்து, மாதக்கணக்கில் பிரயாணம் செய்து, ஊற்றாக வெளிப்படுகிறது. காயாவும் களாவும் உசிலும் மற்றும் பெயர் தெரியாத நூறு செடிகொடிகளும் அந்தச் சரிவிலே வேரூன்றி நிற்கும் வரையில் இந்தப் போக்கு நடைபெறும். மரத்தை வெட்டி மலையை மொட்டையாக்கினால், மழை பெய்கிற அன்று வெள்ளமும் மறுவாரம் வறட்சியுமாக முடியும். எனவே, அழகருடைய திருமஞ்சனம் குறைவின்றி நடக்க வேண்டும் என்று விரும்புகிற ஒவ்வொரு பக்தனும், அவன் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அந்தக் காடு அழியாமல் இருக்க வேண்டும் என்றே பிரார்த்திக்கிறான்.

பரிபாடலில் இந்த மலையைப் பற்றிய ஒரு பாட்டு இருக்கிறது. பாடியவர் இளம்பெருவழுதியார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். சிலம்பாறு அணிசெய்யும் மலை என்று அதை வர்ணிக்கும் அந்தப் புலவர், மதுரை ஜனங்களைப் பார்த்து, மனைவியோடும் பெற்றோரோடும் கைக்குழந்தையோடும் அன்பர்களோடும் அந்தத் திசையைத் தொழுதுகொண்டே செல்லுங்கள் என்று அழைக்கிறார். மலையின் தோற்றம் கண்ணில் பட்ட அளவிலேயே மயக்கம் அறும் என்று உறுதியும் கூறுகிறார். சந்நிதிக்குள் போய்ச் சேரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. திசை தெரிந்ததுமே வழிபாடு தொடங்கிவிடுகிறது. குடும்பம் குடும்பமாக மலையை நாடிப் போகும் வழக்கம் அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை மதுரையில் விட்டுப்போகவில்லை.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் இந்த மலை வருகிறது. மாங்காட்டு மறையவன் ஒருவன் கோவலனுக்கு மதுரை செல்லும் வழிகளை விவரிக்கையில், திருமால் குன்றத்துப் பிலத்திலே புண்ணியசரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள் உண்டென்றும், ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும், மற்றொன்றில் முற்பிறப்பு விளங்கும், இன்னொன்றில் நினைத்ததெல்லாம் கிடைக்கும் என்றும் ஆசை காட்டுகிறான். சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் அமைதியாக மறுத்துவிடுகிறார்: ஞானம் எங்கள் ஆகமத்தில் இருக்கிறது, முன்வினை இந்தப் பிறவியிலேயே தெரிகிறது, வாய்மை பிறழாமல் வாழ்கிறவர்க்குக் கிட்டாத பொருளும் இல்லை, ஆகையால் அந்தப் பொய்கைகளில் எங்களுக்கு வேலை இல்லை என்பது அவர் கூற்றின் சாரம். கவுந்தியடிகளிடத்தில் எனக்கு அளவற்ற பக்தி உண்டு. ஆனாலும் அவர் அந்த வழியாகப் போயிருக்கலாகாதா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் ஏங்குகிறது. போயிருந்தால், அவருடைய சமயத்தைச் சேர்ந்த துறவிகளையே அந்த மலையில் அவர் சந்தித்திருக்கலாம்.

இதை வெறும் கற்பனையாகச் சொல்லவில்லை. மலையின் மற்றொரு புறத்தில், கிடாரிப்பட்டிக் கிராமத்துக்கு அருகே, இயற்கையான குகைத்தளம் ஒன்று இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதை அறியார்கள். பாறையில் வழுவழுப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளும், அவற்றின் பக்கத்திலும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முகப்பிலும் வெட்டப்பட்ட தமிழ் பிராமி எழுத்துகளும், பிற்காலத்தில் அச்சணந்தி என்னும் துறவி செய்வித்த தீர்த்தங்கரர் உருவமும் அங்கே உள்ளன. கல்வெட்டுகள் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையவை. அவை அரசர்களின் மெய்க்கீர்த்தியைச் சொல்லவில்லை. மதுரைப் பொன் வணிகன், உப்பு வணிகன், பாகு விற்பவன், கொழு விற்பவன், துணி வணிகன் என்று கொடையாளிகளின் பெயர்களைத் தொழிலோடு சேர்த்துச் சொல்கின்றன. கடைவீதியில் உப்பையும் வெல்லப்பாகையும் ஏர்க்கொழுவையும் விற்றுச் சம்பாதித்த மனிதர்கள், காட்டுக்குள்ளே ஒரு பாறை நிழலில் தவம் செய்கிறவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுப்பதற்காக இத்தனை தூரம் வந்திருக்கிறார்கள். அந்தக் குகையின் வாசலில் அமர்ந்து, கீழே விரிந்து கிடக்கும் வயல்களையும் கண்மாய்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்றைத் தவிர வேறு சப்தம் இல்லை. அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்திருந்தும், பாறைமேல் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் பெயின்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறவர்களை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற குன்றுகளின் பக்கமாகத்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும், பிராமிக் கல்வெட்டும், ஏழு குன்றுகளும், எண்ணற்ற சுனைகளும், வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகளும் உள்ள அந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் தோண்டும் உரிமை மத்திய அரசால் ஏலம் விடப்பட்டது என்ற செய்தி வந்தபோது, மேலூர் வட்டாரத்துக் கிராமங்கள் அனைத்தும் திரண்டெழுந்தன. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தே வந்தார்கள். அதே மாதத்தில் ஏலம் ரத்தாயிற்று. நகரத்திலே இருந்துகொண்டு அந்த ஊர்வலத்தைச் சாலையோரத்தில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். சுனையும் கண்மாயும் போய்விட்டால் வயல் இல்லை, வயல் போய்விட்டால் ஊர் இல்லை என்பதை அவர்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நகரத்துக்காரர்களாகிய நமக்கு அது அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. ஆகையால்தான், நடந்து போங்கள் என்று இத்தனை தூரம் வற்புறுத்துகிறேன். ஐப்பசி பிறந்து தை முடிகிறவரையில் மலை பசுமையாக இருக்கும். பங்குனி சித்திரையில் பாறை கொதிக்கும். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் காலையிலேயே பஸ் இருக்கிறது. விடிந்ததும் புறப்பட்டுவிட்டால் வெயில் ஏறுமுன் நூபுர கங்கையை அடைந்துவிடலாம். மாற்றுத்துணியைத் துணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். பாதையிலிருந்தே காண்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். செடிகொடிகளின் பெயரறிந்த ஒருவரைத் துணைக்குத் தேடிக்கொண்டால் இன்னும் விசேஷம்.

கோயில் நிர்வாகத்தாருக்கும் வனத்துறையினருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நடக்க இயலாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வாகன வசதி அவசியமே. அதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் மாதத்தில் ஒரே ஒரு நாள், அவர்களுக்கான வண்டியைத் தவிர மற்ற எல்லா வாகனங்களையும் அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, ஆற்றலுள்ள அனைவரையும் நடக்கவிடலாம். படிகளைச் செப்பனிட்டு, குடிநீருக்கு ஏற்பாடு செய்து, காயா, களா, உசில், கருவிளை என்று வழியோரத்து மரஞ்செடிகளுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைத்து, கிடாரிப்பட்டிக் குகைக்கும் ஒரு காவலரை நியமித்தால், அதற்கு ஆகும் செலவு பெரிதாக இராது.